கேரவன் பீடிங்கும் உங்கப்பா வேட்டியும்

அன்னூர்,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

அன்புக் கண்ணு சரவணனுக்கு அம்மா சாமியாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் உன் தம்பி தனபால் குடும்பமும் ஆடு மாடு உட்பட சௌக்கியம். அதேபோல நீயும் மருமகளும் பேரன் நித்திலனும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மன்னீஸ்வரரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். தனபாலுடைய பெரியவள் அக்ஷயா வேளாண்மைக் கல்லூரியில் இந்த வருஷமும் வகுப்பில் முதலாவது. மண்ணைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை வாசிக்கச் சொல்லி டெல்லியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். நம் தோட்டத்து மண்ணைத்தான் டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள், அதனால் பாதிப் பெருமை தோட்டத்துக்கும் உண்டு. சின்னவள் லோகப்பிரியா வட்டு எறிவதில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலாவதாக வந்த பிள்ளையை நான் நேரில் பார்த்தேன், அது நம்ம லோகப்பிரியாவையே தூக்கி எறிந்துவிடும் போலிருந்தது, அதனால் இந்த இரண்டாவது என்பது முதலாவது மாதிரித்தான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நித்திலன் தண்ணீரில் மிதந்ததற்குச் சான்றிதழ் வாங்கியதை மருமகள் போனில் காட்டினாள். இங்கே கிணற்றில் மிதக்காத பையன் கிடையாது, ஒருத்தனுக்கும் ஒரு காகிதம் கொடுத்ததில்லை. மிதந்ததற்கெல்லாம் மரியாதை செய்கிற ஊர் நல்ல ஊராகத்தான் இருக்கும். உன்னை ஆபீசில் மேலே ஏற்றிவிட்டதைப் பால் சொசைட்டியில் சொல்லியாகிவிட்டது, இனி ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போன் வந்தால் உங்கப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது. இரண்டு வருஷமாக அவர் ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை என்பது உனக்குத் தெரியும். பிரஷர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார், ஊருக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். பிரஷரெல்லாம் ஒன்றும் இல்லை சாமி. அவருக்கு அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. வருகிறது என்று தெரிந்தால் உடனே போயாக வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் ஆகாது. வயசான ஆம்பிளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழே வருகிற வீக்கம்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார், அதைச் சாப்பிடுகிறார், குறைந்திருக்கிறது, ஆனால் மனசில் குறையவில்லை. ஒரு தடவை அவிநாசியில் கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது பஸ்ஸில் ஆகாத காரியம் ஆகிப்போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிட்டார், அது போதாதா. அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, எழவு எதுவானாலும் தனபாலை அனுப்பிவிட்டு இவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். படித்த பேப்பரையே திரும்பவும் படிப்பார்.

தனபால் சோமனூரில் தறி வைத்திருக்கிறானே தவிர, அப்பாவை உட்கார வைத்து இதைப் பேசுகிற தைரியம் அவனுக்கு இல்லை. அதனால் ஒரு வண்டி வாங்கிவிட்டான். பொள்ளாச்சிப் பக்கம் சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய கேரவன், உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, கக்கூஸ், கண்ணாடியைச் சுற்றிலும் பல்பு எல்லாம் இருக்கிறது. எதற்கு வாங்கினாய் என்று உங்கப்பா கேட்டதற்கு, சும்மா கிடைத்தது, குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்றான். இவரும் சரி என்றார். கக்கூஸ் இருப்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. எந்த நடிகை இதில் உட்கார்ந்தது என்று பக்கத்துத் தோட்டத்துக் கண்ணையா வந்து கேட்டார். தெரியாது என்று சொன்னதற்கு வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

அந்த வண்டியின் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற சேனல் இத்துப்போயிருந்ததும், அதன்மேல் பதிக்கிற ரப்பர் பீடிங் வெடித்து நின்றதும், நீ வீடியோவில் பார்த்துச் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு இப்படி வண்டி நிற்கிறது, பனிக்காலத்துக்கு முன்னால் இதையெல்லாம் கழற்றி மாற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஸ்க்ரூ ஓட்டை வழியாக உள்ளே போய்ப் பலகை உப்பிவிடும் என்றாய். நீ அனுப்பிய பார்சல் நல்லபடியாக வந்தது. பீடிங்கைப் பாம்பு மாதிரிச் சுருட்டி வைத்திருந்தாய், மருமகள் அதோடு சாக்லெட்டையும் வைத்துவிட்டாள், சாக்லெட்டில் ரப்பர் வாசம் வந்தது, ஆனாலும் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். சேனலின் நுனியில் மாட்டுகிற மூக்குகள் வாத்து அலகு மாதிரி அழகாக இருந்தன. தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழுவதற்கு என்று நீ எழுதி ஒட்டியிருந்ததை அக்ஷயா படித்துக் காட்டினாள்.

வேலைக்கு உக்கடத்திலிருந்து ரசாக் பாய் வந்தார். வண்டிகளுக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர், தனபாலுக்குப் பழக்கம். பழைய பீடிங்கை இழுத்தார், முருங்கைக்காய் நார் மாதிரி ஒரே இழுப்பில் வந்துபோட்டது. உள்ளே இருந்த ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்துத் தலை இல்லாமல் நின்றது. சேனலைக் கழற்றி, அடியில் இருந்த காய்ந்த பட்டிப் பசையைச் சுரண்டி, நீ அனுப்பிய ஒட்டு டேப்பைப் போட்டு, புதுச் சேனலை வைக்கப் போகும்போதுதான் எந்தப் பக்கம் தண்ணீர் ஓட வேண்டும் என்ற பேச்சு வந்தது. முன்பக்கம் ஏறுகிற கதவு, பின்பக்கம் கட்டிலை ஒட்டிய ஜன்னல். பழைய சேனல் முன்பக்கம்தான் சாய்ந்திருந்தது. உங்கப்பா கிட்டே போய், ஏனுங்க பாய், ஒறம்பரை வந்து வண்டியில ஏறையில தலைமேல தண்ணி ஊத்துனா மரியாதையா இருக்குமுங்களா, பின்னாடி சாச்சு உட்டுப்போடலாமுங்களே என்றார். வீட்டுக்கு வருகிறவர்கள் தலையில் தண்ணீர் விழக்கூடாது என்பது இவர் நியாயம். ரசாக் பாய் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னல் ரப்பர் தேய்ந்து போயிருப்பதை நானே பார்த்தேன், அவர் பார்க்காமலா இருப்பார். ஆனால் பெரியவர் ஒன்று சொல்லும்போது மறுத்துப் பேசினால் நன்றாகவா இருக்கும் என்று அவருக்கு. ஐயா சொன்னா சரியாத்தானுங்க இருக்கும் என்றுவிட்டார். தப்பென்றால் வேலை தெரிந்தவர் சொல்லியிருப்பாரே என்று இவருக்கு. பாய் செஞ்சா சரியாத்தானுங்க இருக்கும் என்றுவிட்டார். நான் ஒருத்தி இடையில் புகுந்தால் இரண்டு பேர் மரியாதையும் போய்விடும் என்று டீ போடப் போய்விட்டேன். மூன்று பேரும் இத்தனை மரியாதையாக நடந்துகொண்டு, கூரைத் தண்ணீர் முழுக்க உங்கப்பா கட்டிலுக்கு நேராகத் திருப்பிவிட்டோம். ஜன்னலுக்கும் பீடிங் மாற்றிவிடட்டுமா என்று ரசாக் பாய் மெதுவாகக் கேட்டதற்கு, மீதி ரப்பர் இருக்கட்டும், பின்னால் ஆகும் என்று இவர் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இதற்கு நடுவில் கொடுமுடியிலிருந்து உங்க அத்தை பாவாத்தாள் வந்தாள். பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை தனபாலை அனுப்பினால் தனபாலுக்கு இலை போடமாட்டேன், நீ வந்து நிற்காத மேடையில் நானும் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். அண்ணனும் தங்கச்சியுமாக நம் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள், அவள் சொன்னால் செய்வாள் என்று இவருக்குத் தெரியும். அன்றைக்கு சாயங்காலமே உங்கப்பா கேரவனுக்குள் போய்க் கட்டிலில் படுத்துப் பார்த்தார். கக்கூஸ் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். மறுநாளிலிருந்து மத்தியானத் தூக்கம் அதில்தான். உன் குடும்பப் போட்டோ, நித்திலன் தவழுகிற வயசில் எடுத்தது, அதைக் கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். சலவை வேட்டி இரண்டு எடுத்து வைக்கச் சொன்னார். கொடுமுடிக்குப் போகலாம் என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் போகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தனபால் என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்தேன்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மத்தியானம் அவர் வண்டியில் படுத்திருக்கும்போது நல்ல மழை. நின்றதும் நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். இவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெத்தை ஊறிப்போயிருந்தது, வேட்டி முன்பக்கம் முழுக்க ஈரம். என்னுங்க இது என்றேன். ஒன்றும் இல்லை, கட்டில் வேர்த்திருக்கிறது என்றார். கட்டில் வேர்க்குமா என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் இறங்கி, உன் போட்டோ மேல் ஓடி, மெத்தையில் விழுந்துகொண்டே இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தோம். ராத்திரி சாப்பிடும்போது கொடுமுடிக்குத் தனபாலே போய்வரட்டும், எனக்குப் பிரஷராக இருக்கிறது என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வண்டி ஒழுகினால் ஒழுகட்டும், துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டு போகலாமே என்று நினைத்தேன். அந்த வேட்டியை அலசிப் பிழிந்து கொடியில் போடும்போதுதான் புரிந்தது. அந்த ஈரத்தோடு கல்யாண மண்டபத்து வாசலில் இவர் இறங்கினால் மழை என்று எத்தனை பேர் நினைப்பார்கள். இரண்டு வருஷமாக எதைக் காட்டக்கூடாது என்று வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாரோ, அதை நாம் மாற்றி வைத்த சேனலே செய்து வைத்துவிட்டது.

ரசாக் பாயைக் கூப்பிட்டு நீங்கள் செய்த வேலை தப்பு என்று எப்படிச் சொல்வது. அவரையும் அவர் வீட்டம்மா தாஜுன்னிசாவையும் ஒரு நேரம் சாப்பிட வரச் சொன்னேன். வந்தார்கள். சாப்பிட்டு முடிக்கவும் வானம் கறுத்து வரவும் சரியாக இருந்தது. வண்டியை ஒருதரம் பாருங்கள், ஐயா அதில்தான் படுக்கிறார் என்றேன். இவரும் ரசாக் பாயும் போய்க் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மழை வந்தது. நானும் தாஜுன்னிசாவும் குடையோடு வாசற்படியில் நின்று பார்த்தோம். ஜன்னலிலிருந்து தண்ணீர் ரசாக் பாய் தோள்மேல் இறங்கி மடிக்கு வந்தது. வண்டி எப்படிங்கய்யா இருக்குது என்று அவர் கேட்கிறார், ரொம்ப நல்லா இருக்குதுங்க பாய், வேலை சுத்தமுங்க என்று இவர் சொல்கிறார். எல்லாம் ஐயா சொன்ன மாதிரித்தானுங்க செஞ்சது என்று அவர். நீங்க செஞ்சதுல ஒரு கொறையும் இல்லீங்க என்று இவர். இரண்டு பேருக்கும் முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது. நகர்ந்து உட்கார்ந்தால் ஒருத்தரை ஒருத்தர் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று இரண்டு பேரும் நகரவும் இல்லை. தாஜுன்னிசா நல்ல பொறுமைசாலிதான், அவளுக்கே முடியவில்லை.

"ஏனுங்க, ரெண்டு பேரும் நனைஞ்ச கோழியாட்ட உக்காந்துட்டு நல்லா இருக்குது நல்லா இருக்குதுங்கறீங்களே. தண்ணி உள்ள வருதுங்க. திருப்பி வெய்ங்க" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பிறகு ரசாக் பாய், நான் அன்னிக்கே நெனச்சனுங்க என்றார். உங்கப்பாவும், நானும் நெனச்சனுங்க என்றார். நானும்தான் நினைத்தேன், ஆனால் அதை இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. மழை விட்டதும் ரசாக் பாய் சேனலைக் கழற்றிப் பழையபடி முன்பக்கம் சாய்த்து, உன் வாத்து மூக்கைக் கதவுப் பக்கத்து நுனியில் மாட்டி, உள்ளே வைத்திருந்த மீதி பீடிங்கை எடுத்து ஜன்னலைச் சுற்றிலும் பதித்தார். சோப்புத் தண்ணீர் தொட்டுக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போகிறார், அது போய் உட்கார்ந்துகொள்கிறது, பார்க்கவே நன்றாக இருந்தது. சரி, ஒறம்பரை தலையில் தண்ணீர் விழுமே என்ற பேச்சு மறுபடியும் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடையை மாட்டி வைப்பது, யார் ஏறினாலும் இறங்கினாலும் நான் குடை பிடிப்பது என்று இரண்டு பேருமாக முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவில்லை.

அடுத்த மழைக்கு உங்கப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் படுத்தார். மழை நின்று வெளியே வந்து வேட்டியை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பத்திரிகையில் முகூர்த்த நேரம் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன், கையில் இருந்தது வெண்டைக்காய்.

கொடுமுடிக்குப் போனோம். பெருந்துறை தாண்டியதிலிருந்து மண்டபம் வரைக்கும் மழை. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. வழியில் எத்தனை தடவை எழுந்து போனார் என்று நான் பார்க்கவும் இல்லை, தனபால் கண்ணாடியில் பார்க்கவும் இல்லை. மண்டபத்து வாசலில் நான் குடையைப் பிடிக்க, மடிப்புக் கலையாத வேட்டியோடு இறங்கினார். பாவாத்தாள் மேடைக்குக் கீழேயிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த காரியம் செய்தாள். இவர் நின்றார். முகூர்த்தம் முடிகிறவரைக்கும் நின்றார். முடிந்ததும் நடந்துதான் வெளியே வந்தார், ஓடவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும். இவர் வண்டிக்குப் போய்விட்டு வந்ததைப் பார்த்து, இவர் வயசு மச்சான் ஒருத்தர் பக்கத்தில் வந்து, ஏனுங் மச்சான், உள்ள கக்கூசும் இருக்குதுங்களாமா, ஒருக்கா வண்டியப் பாக்கலாமுங்களா என்று கேட்டார். தாராளமாப் பாருங்க என்று இவர் கூட்டிக்கொண்டு போனார். வண்டியைப் பார்க்கப் போனவர் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். அவர் வந்ததும் இன்னொருத்தர் வந்தார். பந்தி முடிவதற்குள் எழுபது வயசுக்கு மேற்பட்ட ஆம்பிளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து நம் கேரவனைப் பார்த்துவிட்டார்கள். எல்லாரும் ரொம்ப நல்ல வண்டி என்று முகம் தெளிந்து இறங்கினார்கள். பல்பு வைத்த கண்ணாடியைப் பற்றி ஒருத்தரும் விசாரிக்கவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது, நீ அனுப்பிய வாத்து மூக்கிலிருந்து தண்ணீர் தள்ளி ஒழுங்காக ஊற்றிக்கொண்டே இருந்தது. என் கையில் இருந்த குடையை உங்கப்பா வாங்கிக்கொண்டு போய் உட்காரச் சொல்லிவிட்டார். ஏறுகிறவருக்கும் இறங்குகிறவருக்கும் அவரே நின்று பிடித்தார். வீட்டுக்கு வரும் வழியில், எல்லாருக்கும் பிரஷர் இருக்கும்போலிருக்குது என்றார். ஆமாங்க என்றேன். அவ்வளவுதான் பேசினோம். இப்போது தை மாதத்து விசேஷங்களுக்கு அவரே காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறார். கேரவனோடு வரச் சொல்லிக் கேட்டு இரண்டு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

நான் சொன்னதாக அப்பாவிடம் ஒன்றும் கேட்டுவிடாதே கண்ணு. பிரஷர் எப்படி இருக்கிறது என்று கேள், குறைந்துவிட்டது என்பார், சந்தோஷம் என்று சொல். நீயும் அவர் பிள்ளைதான், உடம்பில் ஒன்று என்றால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்காராதே, மருமகளிடமாவது சொல். குளிரில் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. உன் வீட்டு வண்டிக்கும் பனிக்கு முன்னால் பீடிங் பார்த்தாயா, எங்களுக்கு அனுப்பிவிட்டு உன்னுடையதை விட்டிருப்பாய். வேலைக்கு வருகிறவர் தப்பாக வைத்தால் அங்கேயே சொல்லிவிடு, அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாமே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மண்ணீரம் மாதிரி என்றைக்கும் குளிர்ச்சியாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். நித்திலனுக்கு என் முத்தம், இன்னும் நன்றாக மிதக்கச் சொல்.

ஒன்று மறந்துவிடாதே. ஜன்னலுக்குக் கீழே ஒட்டியிருந்த உங்கள் போட்டோவில் மழைத்தண்ணீர் ஓடியதில் நீயும் மருமகளும் தப்பித்துவிட்டீர்கள், நித்திலன் முகம் கரைந்துபோயிற்று. அதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் முருகன் படம் ஒட்டலாம் என்றேன், ஒரு காலண்டரை மாட்டலாம் என்றேன், எதற்கும் விடமாட்டேன் என்கிறார். இந்த வண்டிக்குக் கட்டிலும் இருக்குது, கக்கூசும் இருக்குது, ரோடு மட்டும் இருந்தா கனடாவுக்கே போய்ப் பார்த்துட்டு வந்துபோடலாம் என்று படுத்துக்கொண்டு சொல்கிறார். ரோடு இல்லை. அதனால் மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்து, போனில் அனுப்பாமல், காகிதத்தில் போட்டு, கெட்டி அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. இனி அங்கே தண்ணீர் வராது.

இப்படிக்கு,
உன் அம்மா,
பொ. சாமியாத்தாள்